கார் உள்ளே எதைப் போட்டுத் துடைக்கலாம்? எதைத் தொடவே கூடாது?

கோடையில் புழுதி, மழையில் பூஞ்சை, வருஷம் முழுக்க காபியும் சாம்பாரும். ஆனால் காரின் உட்புறத்தை அழுக்கைவிட அதிகமாகக் கெடுப்பவை, அவசரத்தில் ஊற்றும் தண்ணீரும் இடம் மாறி அடிக்கும் கெமிக்கலும்தான்.

பூந்தமல்லி நெடுஞ்சாலையில் இருந்து ஆவடி சாலை பிரியும் இடம் கரையான்சாவடி. ஸ்ரீபெரும்புதூர் கம்பெனிகளுக்குப் போகிறவர்கள், போரூர், கிண்டி பக்கம் ஐடி வேலைக்குப் போகிறவர்கள், ஆவடி நோக்கித் திரும்பும் லாரிகள் என எல்லோரும் கடக்கிற சந்திப்பு. கலங்கரை விளக்கத்தில் தொடங்கி 26.1 கி.மீ. நீளும் மெட்ரோ ரயிலின் நான்காம் வழித்தடமும் இந்தச் சாலை வழியாகத்தான் பூந்தமல்லிக்கு வருகிறது. தூண்கள் எழும்பிய ஆண்டுகளில் இங்கே கண்ணாடியை இறக்கிவிட்டு ஓட்டியவர்களுக்கு அந்தப் புழுதி நன்றாகத் தெரியும். சாயங்காலம் டாஷ்போர்டில் விரலால் பெயரே எழுதலாம்.

ஞாயிற்றுக்கிழமை வாட்டர் வாஷுக்கு வண்டியை விட்டால், "சார், இன்டீரியரும் பண்ணிடலாமா?" என்று கேட்பார்கள். ஆன்லைனில் தேடினால் ஃபோம் கிளீனர், டாஷ்போர்டு பாலிஷ், லெதர் கண்டிஷனர், ஆல் பர்ப்பஸ் கிளீனர் என்று பட்டியல் நீளும். எதை வாங்குவது என்பதுதான் பலரின் முதல் கேள்வி. அதற்கு முன்னால் கேட்க வேண்டியது வேறு: துடைக்கப்போகும் பரப்பு எதனால் ஆனது? அதற்கு அடியில் என்ன இருக்கிறது?

ஒரே காருக்குள் துணி, செயற்கைத் தோல், பிளாஸ்டிக், கண்ணாடி, டச் ஸ்கிரீன், பாலியஸ்டர் பெல்ட், ஸ்பாஞ்ச், வயர் எல்லாம் இருக்கின்றன. ஒன்றுக்கு நல்லது இன்னொன்றுக்கு ஆகாது. 'எல்லாத்துக்கும் ஒரே ஸ்பிரே' என்ற இடத்தில்தான் பெரும்பாலான தவறுகள் ஆரம்பிக்கின்றன.

முதலில் ஈரம் வேண்டாம்

சாலைப் புழுதியில் மணல் துகளும் சிமென்ட் தூளும் கலந்திருக்கும். அதன் மேல் ஈரத்துணியைப் போட்டுத் தேய்த்தால் நடப்பது உப்புத்தாள் வேலை. டாஷ்போர்டிலும் பளபளப்பான கறுப்பு பிளாஸ்டிக்கிலும் மெல்லிய கீறல்கள் விழும். சீட் துணியில் அந்தத் தூள் சேறாகி இழைக்குள் இறங்கிவிடும்.

அதனால் வரிசை முக்கியம். மேட்களை வெளியே எடுத்து உதற வேண்டும். பிறகு மேலிருந்து கீழாக, மென்மையான பிரஷால் ஏ.சி. வென்ட், பட்டன் இடுக்கு, சீட் தையல் ஆகியவற்றைத் தட்டிக்கொண்டே வேக்யூம் பிடிக்க வேண்டும். ஈரம் அதற்கப்புறம்தான்.

வேக்யூம் வாங்கும்போது ஒரு கணக்கைப் பார்ப்பது நல்லது. காரின் 12 வோல்ட் சாக்கெட்டில் 10 ஆம்பியர் எடுத்தால் கிடைப்பது 120 வாட்தான். வீட்டு வேக்யூம் கிளீனர்கள் பலவும் 1,000 வாட்டுக்கு மேல். சாக்கெட்டில் மாட்டும் சின்ன மெஷின் பிஸ்கட் தூளுக்குப் போதும். கார்பெட்டுக்குள் இறங்கிய மணலை இழுக்காது. அபார்ட்மென்ட் பார்க்கிங்கில் பிளக் பாயின்ட் இருந்தால், வீட்டு வேக்யூமுக்கு ஒல்லியான நாஸில் ஒன்று வாங்கி மாட்டுவதே லாபம்.

சீட்: துணியா, லெதரெட்டா, லெதரா?

நம் ஊரில் ஓடும் கார்களில் 'லெதர் சீட்' என்று சொல்லப்படுவதில் பெரும்பகுதி லெதரெட், அதாவது பி.வி.சி. அல்லது பாலியூரித்தேன் பூசிய துணி. அதற்கு லெதர் கண்டிஷனர் தேவையில்லை. எண்ணெய் உள்ளே இறங்காது, மேலேயே பிசுபிசுத்து நிற்கும். மைல்டான சோப்புத் தண்ணீரில் நனைத்துப் பிழிந்த மைக்ரோஃபைபர் துணி, பிறகு ஒரு காய்ந்த துணி, அவ்வளவுதான். நிஜ லெதராக இருந்தால் பி.எச். நடுநிலையான லெதர் கிளீனரும், சில மாதங்களுக்கு ஒருமுறை கண்டிஷனரும் வேண்டும்.

எது எது என்று தெரியாவிட்டால் வண்டியோடு வந்த ஓனர்ஸ் மேனுவலைப் பார்க்கலாம். உட்புறப் பராமரிப்புக்கு அதில் தனிப் பக்கங்கள் இருக்கும். பலர் பிரிக்காமலேயே கிளவ் பாக்ஸில் வைத்திருக்கும் புத்தகம் அது.

துணி சீட்டில் பிரச்சினை கெமிக்கலைவிடத் தண்ணீர். துணிக்கு அடியில் தடித்த ஸ்பாஞ்ச் இருக்கிறது. மேலே ஈரம் காய்ந்த மாதிரி தெரிந்தாலும் உள்ளே நிற்கும். ஐப்பசி, கார்த்திகையில் சென்னைக் காற்றிலேயே ஈரம் இருக்கும்போது ஸ்பாஞ்ச் காய நாள்கணக்கில் ஆகும். அதற்குள் பூஞ்சை நாற்றம் வந்துவிடும். எனவே நுரையை மட்டும் துணியில் வைத்து, மென்மையான பிரஷால் தேய்த்து, உடனே துடைத்தெடுக்க வேண்டும். கடைகளில் இருக்கும் எக்ஸ்ட்ராக்டர் மெஷின் தண்ணீரைத் தெளித்த கையோடு உறிஞ்சிவிடும். அப்படி மெஷின் இல்லாத இடத்தில் சீட்டை 'ஷாம்பு வாஷ்' செய்யக் கொடுக்காமல் இருப்பதே நல்லது.

இன்னொரு காரணமும் உண்டு. 2019 ஜூலை 1 முதல் புதிய கார்களில் டிரைவருக்கும் பக்கத்து சீட்டுக்கும் பெல்ட் நினைவூட்டும் அலாரம் கட்டாயம். பக்கத்தில் ஆள் உட்கார்ந்திருப்பதைக் கண்டுபிடிக்கும் சென்சார் பொதுவாக அந்த சீட்டின் மெத்தைக்குள்தான் இருக்கும். முன் சீட்டுகளுக்குக் கீழே மஞ்சள் நிறக் கனெக்டர் தெரிந்தால் அது ஏர்பேக், பெல்ட் தொடர்பான வயரிங். அங்கே தண்ணீர் பீய்ச்சிய பிறகு டாஷ்போர்டில் ஏர்பேக் விளக்கு எரிந்தால், துவைத்த செலவைவிட சென்டருக்குப் போகும் செலவு அதிகமாகிவிடும்.

கறைக்குக் கறை வைத்தியம் வேறு

எந்தக் கறைக்கும் பொதுவான விதி மூன்று. உடனே ஒற்றியெடுக்க வேண்டும், தேய்க்கக் கூடாது. ஓரத்தில் இருந்து நடுவை நோக்கி வர வேண்டும். புதிய பொருளை முதலில் சீட்டுக்கு அடியில், கண்ணில் படாத இடத்தில் போட்டுப் பார்க்க வேண்டும்.

சாம்பார், குருமா: மஞ்சள் கறைதான் இங்கே பெரிய எதிரி. காரத்தன்மை உள்ள கிளீனரோ சலவை சோப்போ பட்டால் மஞ்சள் திடீரென்று சிவப்பாக மாறும். ஆரத்தித் தட்டில் மஞ்சளும் சுண்ணாம்பும் சேர்ந்தால் நடக்கும் அதே வேதியியல்தான், பயப்பட வேண்டாம். மைல்ட் சோப்பு நுரையால் எடுக்க முடிந்ததை எடுத்துவிட்டு, மிச்சத்தை வெயிலுக்கு விட்டுவிடலாம். மஞ்சளின் நிறம் வெளிச்சத்தில் வெளுக்கும்.

பால், காபி: காபியின் நிறத்தைவிட அதிலுள்ள பால்தான் தொல்லை. மேலே துடைத்தாலும் ஸ்பாஞ்சுக்குள் போன பால் கெட்டு, கதவைத் திறந்ததுமே முகத்தில் அடிக்கும். சென்ட் அடித்தால் இரண்டு நாற்றமும் சேர்ந்து வரும். பால், மீன் தண்ணீர், குழந்தையின் வாந்தி போன்றவற்றுக்கு என்சைம் கிளீனர் சரியான தேர்வு. அது புரதத்தையும் கொழுப்பையும் உடைக்கும். அடித்தவுடன் துடைக்காமல் லேபிளில் சொன்ன நேரம் விட வேண்டும்.

தலை எண்ணெய்: ஹெட்ரெஸ்டில் கறுத்துப் படியும் தேங்காய் எண்ணெய்க்கு மைல்ட் டிஷ்வாஷ் லிக்விட் இரண்டு சொட்டு, வெதுவெதுப்பான தண்ணீர் போதும்.

குங்குமம், விபூதி, சந்தனம்: ஆயுத பூஜைக்கு மறுநாள் வரும் கேஸ் இது. ஈரத்துணி பட்டால் குங்குமச் சாயம் பரவும். முதலில் காய்ந்த பிரஷும் வேக்யூமும்தான். சந்தனம் காய்ந்ததும் உதிர்த்துவிட்டுத் துடைக்கலாம்.

டாஷ்போர்டு பளபளக்க வேண்டுமா?

கடையில் இருந்து வந்ததும் டாஷ்போர்டு கண்ணாடி மாதிரி மின்னினால் பலருக்குத் திருப்தி. ஆனால் அந்த மினுமினுப்பு பெரும்பாலும் சிலிக்கான் எண்ணெய். வெயிலில் அது முன் கண்ணாடியில் பிரதிபலித்துக் கண்ணைக் கூசச் செய்யும். பிசுபிசுப்பில் புழுதி இன்னும் சீக்கிரம் ஒட்டும். 'செலவே இல்லாத டிப்ஸ்' என்று சுற்றும் தேங்காய் எண்ணெய் வைத்தியத்துக்கும் இதே கதைதான்.

ஸ்டியரிங், கியர், பெடல் இந்த மூன்றிலும் எந்த பாலிஷும் படவே கூடாது. வழுக்கும் பிரேக் பெடலுக்கு இரண்டாவது வாய்ப்பு கிடையாது. டாஷ்போர்டுக்கு வாங்குவதாக இருந்தால், வாட்டர் பேஸ்டு என்றும் மேட் ஃபினிஷ் என்றும் லேபிளில் இருப்பதையே வாங்கலாம்.

'மேஜிக் ஸ்பாஞ்ச்' என்று விற்கும் வெள்ளை மெலமைன் ஸ்பாஞ்சும் ஒருவகை நுண்ணிய உப்புத்தாள்தான். அது கறையோடு சேர்த்து மேல் பூச்சையும் எடுக்கும்.

டச் ஸ்கிரீனுக்கு இன்ஜின் ஆஃப், காய்ந்த மைக்ரோஃபைபர். போகாவிட்டால் துணியை லேசாக ஈரமாக்கித் துடைக்கலாம். ஸ்கிரீன் மேல் நேரடியாக ஸ்பிரே செய்தால் ஓரத்தின் வழியே உள்ளே இறங்கும். அமோனியா உள்ள கிளாஸ் கிளீனர் ஸ்கிரீனின் கூச்சத் தடுப்புப் பூச்சைக் கெடுக்கும். கொரோனா காலத்தில் பழகிய ஆல்கஹால் சானிட்டைசரும் ஸ்கிரீனுக்கும் லெதருக்கும் ஆகாது. அது லெதரின் சாயத்தையே உரித்துவிடும்.

பெல்ட்டையும் ஏர்பேக் மூடியையும் மறக்க வேண்டாம்

சீட் பெல்ட் அழுக்காகத் தெரிந்தால் சிலர் பிளீச்சிங் போட்டு வெளுக்கிறார்கள். விபத்தில் ஓர் ஆளின் எடையைத் தாங்க வேண்டிய இழை அது. பிளீச்சும் சாயமும் அதன் பலத்தைக் குறைக்கும். மைல்ட் சோப்பு, வெதுவெதுப்பான தண்ணீர், நிழலில் காயவைப்பது என்பதே கார் கம்பெனிகளின் மேனுவல்கள் சொல்லும் முறை. முழுவதும் இழுத்து கிளிப் போட்டு நிறுத்திவிட்டு, நன்றாகக் காய்ந்த பிறகே உள்ளே விட வேண்டும்.

ஸ்டியரிங் நடுப்பகுதியிலும் டாஷ்போர்டில் ஏர்பேக் என்று எழுதிய இடத்திலும் தின்னர், பெட்ரோல் போன்ற சால்வென்ட்டுகள் படக் கூடாது. பிளாஸ்டிக் நொய்ந்துபோனால் ஏர்பேக் விரியும் நேரத்தில் அது துண்டாகத் தெறிக்கலாம் என்று சில கம்பெனிகளின் மேனுவல்களே எச்சரிக்கின்றன.

நாற்றம் எங்கிருந்து வருகிறது?

"உள்ள ஒரு மாதிரி ஸ்மெல் வருதுப்பா" என்றதும் கை போவது பெர்ஃப்யூம் பக்கம். முதலில் பார்க்க வேண்டியது கேபின் ஏர் ஃபில்டர். பெரும்பாலான கார்களில் கிளவ் பாக்ஸைக் கழற்றினால் பின்னால் இருக்கும், டூல் கூடத் தேவைப்படாது. புழுதிச் சாலையில் தினமும் ஓடும் வண்டிக்கு மேனுவலில் சொன்ன கெடுவுக்கு முன்பே மாற்ற வேண்டியிருக்கும்.

அடுத்தது, பக்கத்து சீட்டின் கால் வைக்கும் இடம். மழையே இல்லாமல் அங்கே மேட் ஈரமாக இருந்தால் ஏ.சி. தண்ணீர் வெளியேறும் டியூப் அடைத்திருக்கலாம். அதைச் சரிசெய்யாமல் எத்தனை முறை கார்பெட் துவைத்தாலும் நாற்றம் திரும்பி வரும். வீட்டுக்கு வந்து சேரும் முன் கடைசி சில நிமிடங்கள் ஏ.சி.யை அணைத்து ஃபேனை மட்டும் ஓட்டினால் உள்ளே கட்டும் ஈரம் குறையும்.

துணி சீட்டில் பழைய வாடைக்கு, வீட்டிலுள்ள ஆப்ப சோடாவைத் தூவி சில மணி நேரம் விட்டு வேக்யூம் பிடிக்கலாம். அந்துருண்டை வேண்டாம். மூடிய காருக்குள் அதன் நாப்தலின் ஆவி சேரும், ஜி6பி.டி. என்சைம் குறைபாடு உள்ள குழந்தைகளுக்கு அது ரத்த சிவப்பணுக்களையே சிதைக்கக்கூடியது.

எலித் தொல்லைக்குப் புகையிலை வைக்கும் வழக்கம் பல பார்க்கிங்குகளில் உண்டு. ஆனால் சீட்டுக்கு அடியில் முறுக்குத் தூளும் சாக்லேட் பேப்பரும் கிடக்கும்வரை எலிக்கு அழைப்பிதழ் அப்படியே இருக்கும்.

ஸ்பிரே டப்பாக்களை வண்டிக்குள் விட்டுவைப்பதும் ஆபத்து. 2005-ல் அமெரிக்காவில் ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள் வெளியிட்ட ஆய்வில், வெயிலில் நின்ற மூடிய காருக்குள் ஒரு மணி நேரத்தில் சராசரியாக 22 டிகிரி செல்சியஸ் கூடியது. கத்திரி வெயிலில் வெளியே 40 டிகிரி என்றால் உள்ளே என்ன ஆகும் என்று கணக்குப் போடலாம். ஏரோசால் டப்பாக்களிலோ 50 டிகிரிக்கு மேல் வைக்காதீர்கள் என்று அச்சிட்டிருக்கும்.

மழைத் தண்ணீர் உள்ளே வந்துவிட்டால்?

2015 டிசம்பரில் செம்பரம்பாக்கம் ஏரி திறக்கப்பட்டபோதும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையிலும், சென்னையிலும் புறநகரிலும் ஏராளமான கார்கள் தண்ணீரில் நின்றன. அந்த நிலையில் வழக்கமான கிளீனிங் விதிகள் எதுவும் பொருந்தாது.

முதலில், சாவியைத் திருப்பவோ ஸ்டார்ட் பட்டனை அழுத்தவோ கூடாது. கழுவுவதற்கு முன்பே தண்ணீர் நின்ற மட்டம் தெரியும்படி போட்டோ எடுத்து இன்சூரன்ஸ் கம்பெனிக்குத் தகவல் சொல்ல வேண்டும். வெள்ள சேதம் காம்ப்ரிஹென்சிவ் பாலிசியில் வரும். வெறும் தேர்டு பார்ட்டி பாலிசியில் வராது. எலெக்ட்ரிக், ஹைப்ரிட் கார் என்றால் தொடாமல் டோ வண்டிக்குச் சொல்லிவிட வேண்டும்.

ஈரமான பொருள்களை 24 முதல் 48 மணி நேரத்துக்குள் காயவைத்தால்தான் பூஞ்சையைத் தடுக்க முடியும் என்பது பொது சுகாதார அமைப்புகளின் வழிகாட்டுதல். வெள்ளத் தண்ணீரில் சாக்கடையும் கலந்திருக்கும், எலிக்காய்ச்சல் கிருமியும் இருக்கலாம். கையுறை, மாஸ்க் இல்லாமல் உள்ளே கை வைக்க வேண்டாம். மேட்டை மட்டும் காயப்போட்டால் போதாது. கார்பெட்டுக்கு அடியில் இருக்கும் தடித்த பேடிங்தான் தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கும். தண்ணீர் சீட் மட்டத்தைத் தொட்டிருந்தால், சீட்டையும் கார்பெட்டையும் கழற்றி எடுக்கும் வேலை அது. சர்வீஸ் சென்டர்தான் சரி.

பூஞ்சை என்றதும் கையில் கிடைத்ததை எல்லாம் கலப்பது இன்னும் மோசம். பிளீச்சும் வினிகரும் சேர்ந்தால் குளோரின் வாயு வரும். பிளீச்சும் அமோனியாவும் சேர்ந்தால் குளோரமின். மூடிய காருக்குள் இரண்டுமே மூச்சை அடைக்கும்.

பழைய கார் வாங்கும்போது 'புது வாசனை' வந்தால்

நல்ல இன்டீரியர் கிளீனிங் வெள்ளத்தில் நின்ற வண்டியையும் புதுசு மாதிரிக் காட்டிவிடும். யூஸ்டு கார் பார்க்கப் போகிறவர்கள் சில இடங்களைக் கட்டாயம் பார்க்கலாம். சீட் பெல்ட்டைக் கடைசிவரை இழுத்தால் உள்பகுதியில் சேற்றுக் கோடு தெரிகிறதா? ஸ்டெப்னி வைக்கும் குழியில் மணல் இருக்கிறதா? சீட்டுக்குக் கீழே போல்ட்டிலும் ரெயிலிலும் துரு உண்டா? எட்டு வருஷ வண்டியில் கார்பெட் மட்டும் புத்தம் புதிதாக இருக்கிறதா? தாங்கமுடியாத அளவுக்கு சென்ட் அடித்திருந்தால், எதை மறைக்க என்று கேட்பதில் தப்பில்லை.

கடையில் விடும் முன் கேட்க வேண்டியவை

எந்த பிராண்டு போடுகிறீர்கள் என்பதைவிடப் பயனுள்ள கேள்விகள் இருக்கின்றன. "தம்பி, சீட்டுக்கு எக்ஸ்ட்ராக்டர் இருக்கா? வண்டி காய எவ்வளவு நேரம் ஆகும்? வெளியே வீலுக்குத் துடைச்ச துணியும் உள்ளே போடுறதும் வேற வேறயா? டாஷ்போர்டுக்குப் பாலிஷ் வேண்டாம்னா விட்டுடுவீங்களா?" இதற்கெல்லாம் தயங்காமல் பதில் வந்தால் தாராளமாக விடலாம். சாயங்காலம் ஆறு மணிக்கு ஈரத்தோடு வண்டியைக் கையில் கொடுக்கும் கடை என்றால், ராத்திரி முழுக்க கண்ணாடி ஏற்றிய காருக்குள் அந்த ஈரம் என்ன செய்யும் என்பதை யோசிக்க வேண்டும். காலையில் விட்டு, மதிய வெயிலில் கதவைத் திறந்து காயவைத்து எடுப்பதே நல்லது.

வீட்டில் எதெல்லாம் இருந்தால் போதும்?

ஒல்லி நாஸிலோடு வேக்யூம். மென்மையான பிரஷ் ஒன்று. மைக்ரோஃபைபர் துணி நான்கு: சீட்டுக்கு, டாஷ்போர்டுக்கு, கண்ணாடிக்கு, ஸ்கிரீனுக்குத் தனித்தனி. அவற்றைத் துவைக்கும்போது ஃபேப்ரிக் கண்டிஷனர் போடக் கூடாது. இழை அடைத்து, உறிஞ்சும் தன்மை போய்விடும். கம்பளித் துணிக்கு விற்கும் மைல்ட் லிக்விட் சோப்போ பேபி ஷாம்புவோ, ஒரு மக் தண்ணீருக்கு அரை ஸ்பூன். வீட்டில் குழந்தையோ செல்லப் பிராணியோ இருந்தால் என்சைம் கிளீனர் ஒரு பாட்டில். நிஜ லெதர் இருந்தால் மட்டும் அதற்கான கிளீனரும் கண்டிஷனரும்.

வாரத்துக்குப் பத்து நிமிடம் மேட்டை உதறி வேக்யூம் பிடிக்கிற வண்டிக்கு, வருஷத்தில் ஒன்றிரண்டு முறை கடைக்குப் போனால் போதும். அந்த ஒன்றில் ஒரு தடவையை வடகிழக்குப் பருவமழை தொடங்கும் முன், செப்டம்பரில் வைத்துக்கொள்வது புத்திசாலித்தனம். ஏ.சி. ஃபில்டரையும் தண்ணீர் போகும் டியூபையும் கதவு ரப்பரையும் அப்போதே பார்த்துவிட்டால், ஐப்பசி மழையில் சீட்டைக் காயவைக்க இடம் தேடி அலைய வேண்டியிருக்காது.